மூன்று மணிக்கூட்டு மாப்பிள்ளை

ஓய்வூதியம் எடுத்த மனிதனை ஊர் சும்மா விடாது. காணி உறுதிப் பத்திரத்தில் பெயர் பிழைத்தால் என்னிடம் வருவார்கள். பிறப்புச் சான்றிதழ் தொலைந்தால் என்னிடம் வருவார்கள். எந்த அரசாங்கக் கந்தோரில், எந்த யன்னலில், எந்த முகத்தோடு நிற்க வேண்டும் என்பது வரைக்கும் சொல்லிக்கொடுப்பேன். ஒன்றை மட்டும் யாரும் என்னிடம் கேட்பதில்லை. நேரம். (தெரியாத யாராவது கேட்டுவிட்டால் என் மனைவி குசினிக்குள் இருந்து சிரிப்பார்.)

காரணத்தைச் சொல்வதற்கு முன் இரண்டு ஆங்கிலச் சொற்களைச் சொல்ல வேண்டும். அக்யூரசி, பிரிசிஷன். அகராதியைத் திறந்தால் இரண்டுக்கும் ‘துல்லியம்’ என்று போட்டுவிட்டு அகராதிக்காரர் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பார். இரண்டும் ஒன்றல்ல. நீங்கள் ஒரு மாங்காய்க்குக் கல் எறிகிறீர்கள் என்று வையுங்கள். எல்லாக் கல்லும் மாங்காயைச் சுற்றி, ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் என்று போனால் கை நடுங்கினாலும் கண் சரி. அது அக்யூரசி. எல்லாக் கல்லும் விலகாமல், சிதறாமல், பக்கத்து வீட்டு ஓட்டின் ஒரே இடத்தில் போய் விழுந்தால் அது பிரிசிஷன். இந்த இரண்டாவது ஆள் தன் எறியைப் பற்றி மிகப் பெருமையாக நினைத்துக்கொண்டிருப்பார்.

அந்த ஆள் நான்.

அப்போது எனக்கு முப்பது கடந்திருந்தது. கடைக்காரர்களின் தராசு, படி, முழக்கோல் எல்லாவற்றையும் சோதித்து முத்திரை குத்தும் கந்தோரில் பரிசோதகராக இருந்தேன். யாழ்ப்பாணத்துக்குள் மின்சாரமும் இல்லை, பெற்றோலும் இல்லை, பற்றறியும் இல்லை என்றிருந்த காலம். நகரத்தில் குண்டு விழுந்ததால் எங்கள் கந்தோரைச் சண்டிலிப்பாய்க்கு, ஒரு புகையிலைக் கொட்டிலுக்கு மாற்றினார்கள். சண்டிலிப்பாய் என் சொந்த ஊர். மற்றவர்களுக்கு இடம்பெயர்வு, எனக்கு மட்டும் பதவி உயர்வு மாதிரி. (வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய் புகையிலை மணத்தோடு வீடு திரும்புவேன். சுருட்டுச் சுற்றிவிட்டு வருகிறேன் என்று ஊர் நினைத்திருக்கும்.)

கந்தோரின் மற்றச் சாமான்களை மாட்டுவண்டியில் ஏற்றவிட்டு, ஊசல் மணிக்கூட்டை மட்டும் நானே என் சைக்கிள் கரியரில் வைத்து, படுக்கைவிரிப்பால் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தேன். அது வெறும் மணிக்கூடு அல்ல. ஆதார மணிக்கூடு. வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. சாவி கொடுத்தால் ஓடும். பற்றறி, மின்சாரம் என்று எவனிடமும் கையேந்தாது. அதை வைத்துத்தான் என் மூன்று மணிக்கூடுகளையும் காலையில் திருத்துவேன். கையில் கட்டுவது இரண்டு, சங்கிலி போட்டது ஒன்று. மூன்றும் சாவி கொடுத்து ஓடுபவை.

இதில் ஒரு சிறு அதிசயம் இருந்தது. ஒவ்வொரு நாள் காலையிலும் என் மூன்று மணிக்கூடுகளும் ஆதார மணிக்கூட்டை விட அரை நிமிடம் முந்தி நிற்கும். மூன்றும் ஒரே அளவாக. மூன்றையும் கண்டித்துப் பின்னுக்குத் தள்ளிவிடுவேன். அடுத்த நாள் மறுபடியும் அரை நிமிடம். மூன்று சாட்சிகள் ஒரே வாயாய் ஒருவரைக் குற்றம்சாட்ட, நான் மூன்று சாட்சிகளையும் மறியல் வீட்டில் அடைத்துக்கொண்டிருந்தேன். அது மட்டுமல்ல, புதிதாக வேலைக்கு வந்தவர்களைக் கூட்டிவைத்து மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிக் காட்டுவேன். "ஒரு செக்கன் வித்தியாசம் இருக்கோ பாருங்கோ. இதுதான் அளவு."

நாங்கள் இருந்த ஒழுங்கை, அந்தச் சின்னத் தெரு முழுவதும் என் நேரத்தில்தான் ஓடியது. கூட்டுறவுக் கடை என்னைக் கேட்டுத் திறந்தது. ரியூட்டரி வாத்தியார் என்னைக் கேட்டு மணி அடித்தார். இந்த ஒழுங்கைக்கு வெளியே இருந்த யாழ்ப்பாணம்தான் அந்த நாட்களில் விசித்திரமாக நடந்துகொண்டது. சனம் ஏற்றும் தட்டிவான் நேரத்துக்கு முன்னமே வெளிக்கிட்டுப் போனது. கோயிலில் மத்தியானப் பூசை முந்தி நடந்தது. ஐயர் வீட்டுக்குப் போக அவசரப்படுகிறார் என்று நினைத்து, நேரில் போய்ப் புத்தியும் சொல்லிவிட்டு வந்தேன். சூரியன்கூட வெள்ளன எழும்பியது. ஆனி மாதந்தானே, எழும்பும் என்று அதையும் மன்னித்தேன்.

இந்த நேரத்தில்தான் எனக்குக் கலியாணம் பேசினார்கள். பெண் அச்சுவேலி. பெயர் பவானி, பௌதிகம் படித்துவிட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தார். கோயிலில் ஒருமுறை பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார், ஆனால் என்னையா என் இரண்டு கை மணிக்கட்டையுமா என்று தெரியவில்லை.

எல்லாம் பொருந்திய பிறகுதான் ஒரு பொருத்தம் பார்க்காமல் விட்டது தெரிந்தது. பெண்ணின் தாய்மாமன் தம்பிராசர் கொடிகாமத்தில் மரக்கறி வியாபாரம். சில மாதங்களுக்கு முன் அவருடைய தராசைப் பறிமுதல் செய்தவன் நான். அன்றைக்கு அவர் ஒரே பூசணிக்காயைத் திரும்பத் திரும்ப வைத்து நிறுத்துக் காட்டினார்.

"ஐயா, ஒவ்வொருக்காலும் ஒரே அளவுதானே காட்டுது. பேந்தென்ன பிழை?"

"அதுதான் பிழை," என்றேன். "ஆடுற தராசை மன்னிக்கலாம். ஒரே பக்கம் சாயிற தராசை மன்னிக்கேலாது."

சந்தையே கேட்கும்படி சொன்னேன். அவர் பற்றுச்சீட்டை வாங்கி மடியில் செருகிக்கொண்டார். அவர் ஒன்றையும் மறக்கிற மனிதர் இல்லை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கலியாணத்துக்கு ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தம் கிடைத்தது. பத்தரையிலிருந்து பதினொன்றேகால் வரைக்கும். அதை விட்டால் ஆடி. ஆடியில் கலியாணம் இல்லை. ஆவணிக்குத் தள்ளலாம்தான். ஆனால் அந்தக் காலத்தில் ஆவணியில் யார் எந்த ஊரில் இருப்பார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஊர்கள் இரவோடிரவாக இடம்பெயர்ந்துகொண்டிருந்தன. மாப்பிள்ளைமார் வள்ளம் ஏறிக் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள். அதனால் பெண் வீட்டார் அந்த முக்கால் மணித்தியாலத்தை உயிரைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சொல்லியனுப்பினார்கள், நேரத்துக்கு வரவேண்டும் என்று. எனக்கு!

எங்கள் பக்கத்தில் பெண்ணின் சகோதரன்தான் தோழனாக வந்து மாப்பிள்ளையை அழைத்துப்போக வேண்டும். பவானியின் தம்பி குலம் விடியவே வெளிக்கிட்டு, மண்ணெண்ணெயில் ஓடுகிற ஒரு பழைய காரில், ஊரெல்லாம் புகையடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். நான் அப்போதுதான் முழுகப் போக ஆயத்தம்.

"அத்தான், இன்னும் வெளிக்கிடேல்லையே?"

என் மணிக்கூட்டைப் பார்த்தேன். முக்கால் மணித்தியாலம் முந்தி வந்திருந்தான். பெண் வீட்டுப் பதற்றம் என்று எனக்குள் சிரித்துக்கொண்டு, இருந்து தேத்தண்ணி குடியும் தம்பி என்றேன். அவன் தன் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தன்னுடைய மணிக்கூடு வேறு நேரம் சொல்கிறதே என்றான். பாவம், பெடியன். என் மூன்றையும் ஒவ்வொன்றாகக் காட்டினேன். மூன்றும் ஒரு செக்கன் பிசகாமல் ஒன்றையே சொல்லின. குலம் வெட்கப்பட்டுப் போனான். அவனுடைய கையைப் பிடித்து, அவனுடைய மணிக்கூட்டை நானே முக்கால் மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பிவிட்டேன்.

"இனிப் பிழைக்காது," என்றேன்.

(உலகத்தில் ஒரு மனிதன் தன் கலியாணத்தைத் தானே குழப்புவதற்கு இதைவிட ஒழுங்கான நடைமுறை கிடையாது.)

அம்மா இரண்டு தரம் வந்து, தம்பி, வெயில் ஏறிட்டுது என்றார். வெயிலை வைத்து நேரம் பார்க்கிறதெல்லாம் அந்தக் காலம் அம்மா என்றேன். ஆறுதலாகப் பாலறுகு வைத்து முழுகி, பட்டு வேட்டி கட்டி, தலைப்பாவும் வைத்துக்கொண்டேன். இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று, வேட்டி மடியில் சங்கிலி போட்டது ஒன்று. வழியில் கார் ஒருமுறை இருமி நின்றது. சாரதி இறங்கி, சோடாப் போத்தலில் ஒளித்துவைத்திருந்த பெற்றோலில் சில துளி விட்டுத் தடவிக்கொடுக்க மறுபடி ஓடியது. நான் பின் ஆசனத்தில் சாய்ந்து, இப்படி ஒரு இடைஞ்சலுக்கும் நேரம் ஒதுக்கி வைத்த என்னையே மெச்சிக்கொண்டேன்.

அச்சுவேலியில் கார் நின்றபோது மேளம் கேட்கவில்லை. பந்தலுக்குள் இருந்து சனம் எங்களை நோக்கி ஓடி வந்தது. இப்படியொரு வரவேற்பா என்று மனம் குளிர்ந்துபோய் இறங்கினேன். நான் வள்ளம் ஏறிக் கொழும்புக்குப் போய்விட்டேன் என்று கதை பரவி, பெண்ணின் தாய் ஒருமுறை மயங்கி விழுந்து எழும்பியிருந்தது எனக்குத் தெரியாது. தகப்பனார் குலத்தைப் பிடித்து உலுக்கினார். அவன் தன் மணிக்கூட்டைக் காட்டினான். அவர் அதைப் பார்த்தார், வீட்டுச் சுவரில் தொங்கிய மணிக்கூட்டைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார்.

என்னை ஏறக்குறையத் தூக்கிக்கொண்டுபோய் மணவறையில் இருத்தினார்கள். ஐயர் மந்திரங்களை இரண்டு இரண்டு படியாகத் தாண்டிக்கொண்டு போனார். எனக்கு அது பிடிக்கவில்லை. எதற்கும் ஒரு நடைமுறை உண்டு. ஐயா, நேரம் தாராளமாகக் கிடக்குது, ஒன்றையும் விடாமல் செய்யுங்கோ என்று மெதுவாகச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் இருந்தது மந்திரம் அல்ல. கன்னிகாதானம் முடிந்து, பவானி உள்ளே போய்க் கூறைச் சேலை உடுத்திக்கொண்டு, மூச்சு வாங்க வந்து பக்கத்தில் இருந்தார். தாலி என் கைக்கு வந்தது. ஐயர் கெட்டிமேளத்துக்குக் கையை உயர்த்தினார். தவிலும் நாதஸ்வரமும் வெடித்தன.

நான் தாலியை மடியில் வைத்துக்கொண்டு இடது கையைப் பார்த்தேன். பத்து இருபது. வலது கை. பத்து இருபது.

"இன்னும் முகூர்த்தம் துவங்கேல்லை," என்றேன்.

மேளம் கரைந்து நின்றது. பிறகுதான் யாழ்ப்பாணத்துப் பந்தலின் மூளை வேலை செய்யத் தொடங்கியது. மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டமாட்டேன் என்றால் அதற்கு இந்தக் குடாநாட்டில் ஒரே அர்த்தம்தான். சீதனம் காணாது, இன்னும் வேண்டும்.

தம்பிராசர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தார்.

"என்ன வேணுமாம் இவருக்கு? தோட்டக்காணியோ? கிணத்துப் பங்கோ? சொல்லச் சொல்லுங்கோ."

"ஒண்டும் வேண்டாம்," என்றேன். "பத்து நிமிஷம் இருந்தால் காணும்."

"பத்து நிமிஷத்திலை என்ன, விலை ஏறுமோ?"

பெண்ணின் தகப்பனார் என்னை நோக்கிக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கையைப் பார்த்தபோதுதான் விளையாட்டல்லாத ஏதோ நடக்கிறது என்று எனக்கு விளங்கத் தொடங்கியது. ஆனாலும் வாய் நிற்கவில்லை. சுவரில் தொங்கிய அவர்களுடைய மணிக்கூட்டைக் காட்டினேன். அது பதினொன்று ஐந்து என்றது. அது ஒரு கிழட்டு மணிக்கூடு. கண்ணாடியில் ஒரு வெடிப்பு. அந்த வீட்டுக்கு முதல்தடவை வந்த அன்றே அதன் குணத்தை நான் விசாரித்து வைத்திருந்தேன். ஒரு நாள் நாலு நிமிடம் முந்தும், ஒரு நாள் நாலு நிமிடம் பிந்தும்.

"உதை நம்பித் தாலி கட்டேலாது," என்றேன். "என்ரை மூண்டும் ஒரு செக்கன் பிசகாது."

அப்போது என் பக்கத்தில் குனிந்த தலை நிமிர்ந்தது. மணவறையில் மணப்பெண் கதைப்பது அந்தக் காலத்தில் வழக்கமில்லை. பவானி கதைத்தார். வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கிறவனிடம் கேட்கிற குரல் அது.

"உங்கடை மூண்டையும் எதை வைச்சுத் திருத்துறனீங்கள்?"

"கந்தோர் மணிக்கூட்டை வைச்சு."

"கந்தோர் மணிக்கூட்டை?"

"அது ஆதார மணிக்கூடு. அதைத் திருத்துறேல்லை."

"நாங்கள் எங்கடையைப் பின்னேரத்திலை றேடியோவுக்குத் திருத்துறனாங்கள். தம்பி சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோவைச் சுத்துவான். உங்கடை மூண்டும் விடிய எழும்பேக்கை எப்பிடி நிக்கும்? கந்தோர் மணிக்கூட்டுக்கு முந்தியோ, பிந்தியோ?"

"முந்தி. அரை நிமிஷம்."

"மூண்டுமோ?"

"மூண்டும்."

"ஒவ்வொரு நாளுமோ?"

அந்த இடத்தில், ஓமகுண்டப் புகைக்குள், கையில் தாலியோடு, என் சைக்கிள் கரியர் என் கண்ணுக்கு முன் வந்தது. படுக்கைவிரிப்புக்குள் ஊசல். குண்டும் குழியுமான தெரு. ஊசலின் அடியில் அதன் குண்டைத் தாங்குகிற ஒரு சின்னத் திருகு. அந்தத் திருகு குலுங்கி மயிரிழை கழன்றால் குண்டு கீழே இறங்கும். ஊசல் நீளும். நீண்ட ஊசல் மெதுவாக ஆடும். நாளுக்கு அரை நிமிடம். கந்தோர் மாறி மூன்று மாதம். முக்கால் மணித்தியாலம்.

தட்டிவான் முந்தி ஓடவில்லை. ஐயர் அவசரப்படவில்லை. சூரியன் நிரபராதி.

"எங்கடை மணிக்கூடு ஆடும்," என்றார் பவானி. "ஆனால் உண்மையைச் சுத்தித்தான் ஆடும். அது அக்யூரசி. உங்கடை மூண்டும் ஆடாமல் அசையாமல் ஒற்றுமையா நிண்டு ஒரே பிழையைச் சொல்லுது. அது பிரிசிஷன். உங்கடை முகூர்த்தம் துவங்கேக்கை எங்கடை முகூர்த்தம் முடிஞ்சிடும்."

கணக்குப் பார்த்தேன். என் பத்தரைதான் உலகத்தின் பதினொன்றேகால். முகூர்த்தத்தின் கடைசிச் செக்கன் போன பிறகு, முதல் செக்கனில் தாலி கட்டுகிறேன் என்று நினைத்து நான் கட்டியிருப்பேன். மிகத் துல்லியமாக.

"எங்கடையும் நாலு நிமிஷம் பிந்தி நிக்கலாம்," என்றார் அவர். சுவரில் பதினொன்று ஒன்பது. "ஆனபடியால் நேரமே இல்லையெண்டு நினைச்சுக்கொண்டு கட்டுங்கோ."

கட்டினேன். கெட்டிமேளம் அடிக்கச் சொல்ல ஐயருக்கே நேரம் கிடைக்கவில்லை. மேளகாரர் என்னைத் துரத்திக்கொண்டு வந்தார்கள். தாலிக்கொடியின் பூட்டு மாட்டவில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக என் கை ஆடியது, அதுவும் சரியான இடத்தைச் சுற்றி. குலம் பின்னுக்கு வந்து பூட்டைப் பிடித்துத் தந்தான். பெண்ணின் தகப்பனார் இருந்த இடத்திலேயே கண்ணைத் துடைத்தார். சனம் பூவையும் அரிசியையும் எறிந்தது. சிலர் வேண்டுமென்றே என் முகத்துக்கு எறிந்தார்கள். நான் குறைசொல்லவில்லை.

புகை அடங்கியபோது தம்பிராசர் ஒரு வெள்ளித்தட்டோடு எனக்கு முன்னால் நின்றார்.

"ஆடுறதை மன்னிக்கலாம்," என்றார். பந்தல் முழுக்கக் கேட்கும் குரல். சந்தைக் குரல். "ஒரே பக்கம் சாயிறதை மன்னிக்கேலாது. கழட்டுங்கோ இன்ஸ்பெக்டர் தம்பி."

இடது கையைக் கழற்றினேன். வலது கையைக் கழற்றினேன். மடியில் இருந்ததையும் எடுத்துத் தட்டில் வைத்தேன். பறிமுதல் செய்தால் பற்றுச்சீட்டுத் தரவேண்டும் என்பது நடைமுறை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் பவானி என் கையைப் பிடித்துக்கொண்டார். கன்னிகாதானத்துக்குப் பிறகு அவர் என் கையைத் தானாகப் பிடித்தது அதுதான் முதல் தடவை. (ஆசையில் அல்ல, வாயை மூடு என்ற அர்த்தத்தில்.)

பிலிம் கிடைக்காத காலம் என்பதால் எங்கள் கலியாணத்துக்குப் படங்கள் கொஞ்சம்தான். தாலி கட்டுகிற படத்தில் என் முகம் விழவில்லை. இரண்டு கைகளும் இரண்டு மணிக்கூடுகளும் அழகாக விழுந்திருக்கின்றன. பெரிதாக்கிப் பார்த்தால் நேரமும் தெரியும். இரண்டும் ஒரே நேரம்.

அடுத்த கிழமை சண்டிலிப்பாய்க்குப் போய் ஊசலின் திருகை இறுக்கினேன். அதைவிடக் கஷ்டமாக இருந்தது ஒழுங்கை முழுவதும் வீடு வீடாகப் போய், நான் தந்த நேரத்தைத் திருப்பி வாங்கியது. கூட்டுறவுக் கடை மனேச்சர், அதுதான் நான் பேக்கரிக்குப் போகேக்கை ஒவ்வொரு நாளும் பாண் முடிஞ்சு போச்சுது எண்டினம் என்றார். கோயில் ஐயர் விபூதி தரும்போது மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பூசிவிட்டார்.

அன்றிலிருந்து பவானியின் குடும்பத்தில் ஒரு சட்டம். தலைப்பா வைப்பதற்கு முன் மாப்பிள்ளையின் மணிக்கூட்டைத் தோழன் வெள்ளித்தட்டில் வாங்கவேண்டும். தம்பிராசர் இருந்தவரைக்கும் ஒவ்வொரு கலியாணத்திலும் முன்னின்று செய்வித்தார். அவர் போன பிறகும் அது போகவில்லை. சில வருடங்களுக்கு முன் எங்கள் மகளுக்கு மண்டபத்தில் கலியாணம் நடந்தபோது என் மகன் தோழனாகப் போய், கனடாவிலிருந்து வந்த மருமகனிடம் தட்டை நீட்டினான். மருமகன் போனோடு பேசுகிற, தன்னைத்தானே திருத்திக்கொள்கிற, பிழைக்கவே தெரியாத மணிக்கூட்டைக் கழற்றி வைத்தான். வீடியோக்காரர் அதைக் கிட்டப் பிடித்தார். சம்பந்தி ஐயரிடம் இது என்ன சடங்கு என்று கேட்டார். ஐயர் இளம் ஆள். கொஞ்சமும் தயங்கவில்லை.

"காலத்தை ஈஸ்வரனிட்டை ஒப்படைக்கிறது," என்றார். "பழைய அச்சுவேலி வழக்கம். இப்ப ஒருதரும் செய்யிறேல்லை."

சம்பந்தி கண்கலங்கி, தன் இளைய மகனுக்கும் இதைச் செய்விக்க வேண்டும் என்றார். சகல நடைமுறையும் தெரிந்த நான் வாயைத் திறக்கவில்லை.

பக்கத்தில் இருந்த பவானி கூட்டத்தைப் பார்த்தபடி, உதடு அசையாமல் கேட்டார்.

"இப்ப எத்தினை மணி?"

"தெரியாது," என்றேன்.

"சரியான பதில்," என்றார்.